எப்பிராயீமின் இடது கால்

மண்ணுக்குக் கீழ எவ்ளோ ஆழம்னு கேட்டா எங்க ஊர்க்காரங்க லெவல் லெவலா சொல்லுவாங்க, மண்ணுக்கு மேல எவ்ளோ உசரம்னு கேட்டா சர்ச் கோபுரத்தைக் காட்டிட்டு வாயை மூடிக்குவாங்க. தங்கம் தோண்டின ஊரு இது. தங்கம் யாருக்கோ போச்சு, குழி எங்களுக்கு மிஞ்சுச்சு. சுரங்கத்தை மூடின நாள்ல இருந்து நாங்க விடியக்காலை ரயிலைப் பிடிச்சு பெங்களூர் போறோம், சட்டைக்குப் பித்தான் தெக்கிறோம், கட்டடத்துக்குக் காவல் நிக்கிறோம், ஓட்டல்ல பாட்டு வாசிக்கிறோம், திரும்ப அதே ரயில்ல பொணமா வந்து படுக்கிறோம். அப்படி ஒரு ரயில்ல படிக்கட்டுல தொங்கிக்கிட்டுப் போனப்போதான் எப்பிராயீம் மாமாவோட பையன் நத்தானியேல் விழுந்தான், நெஜமாவே பொணமா வந்தான்.

எப்பிராயீம் மாமா சுரங்கம் ஓடின காலத்துல வைண்டரு. வைண்டர்னா கூண்டு இறக்குறவரு. மேல ஷெட்டுக்குள்ள ஒரு பெரிய உருளைக்கு முன்னாடி உக்காந்து, ஆளுங்களை ஏத்தின கூண்டைக் கம்பிவடத்துல பாதாளத்துக்கு விடுவாரு. காலடியில ஒரு பெடல் இருக்கும். அதை மிதிச்சிருக்கிற வரைக்கும் கூண்டு எறங்கும், காலை எடுத்தா பிரேக் தானா விழும். கூண்டு எங்க போகுதுன்னு அவரு கண்ணுக்குத் தெரியாது. கீழ போய்ச் சேந்ததும் அங்க நிக்கிற பெல்காரரு ஒரு மணி அடிப்பாரு, அது மேல கேக்கும், அப்போதான் காலை எடுக்கணும். மணி வரலன்னா துரையே வந்து கத்தினாலும் எடுக்கக் கூடாது. "வாய்ச்சொல்லுக்குக் கூண்டு நிக்காது"ன்னு எங்க ஊர்ல இன்னைக்கும் சொல்லுவோம், பொண்ணு கேட்டு வந்து வாயாலயே பந்தல் போடுறவனுக்கும் சொல்லுவோம், ஓட்டு கேட்டு வர்றவனுக்கும் சொல்லுவோம்.

மாமாவோட சம்சாரம் தெபொராள் அக்கா. அவங்க அப்பாதான் கீழ மணி அடிச்ச பெல்காரரு. மேல காலை வெச்சிருந்தவருக்கு, கீழ மணி அடிச்சவரு பொண்ணைக் கொடுத்தாரு. மூஞ்சியே பாக்காம, மணிச் சத்தத்துலயே மாப்பிள்ளை பிடிச்சாருன்னு அப்போ ஊரே சிரிச்சுச்சாம்.

எங்க ஊர்ச் சாவுக்கு ஒரு முறை இருக்கு. பெட்டி குழியில எறங்க ஆரம்பிக்கிறப்போ பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிப்போம். அது தோள்ல மாட்டிக்கிட்டு ஆடுற கிட்டார் இல்லீங்க. இஸ்திரி மேசை மாதிரி காலு வெச்சு நிக்கும், மேல வரிசையா கம்பி, எடது கையில ஒரு உருண்ட இரும்பு, அதைக் கம்பி மேல வெச்சு வழுக்கணும், வலது கை விரல்ல நகம் மாட்டிச் சுண்டணும், எடது காலுக்குக் கீழ பெடலு, முட்டிக்கு ரெண்டு பக்கமும் லிவரு. பெடலை மிதிச்சா அடியில இருக்கிற தடி கம்பிய இழுக்கும், சுரம் வழுக்கிக்கிட்டு மேல ஏறும், அழுகைய அடக்குறப்போ தொண்டை ஏறுதே அது மாதிரி. பெட்டி எறங்குற வரைக்கும் அந்தச் சுரம் மேலயே நிக்கணும். பெட்டி தரையைத் தொட்டதும் காலை எடுத்தா சுரம் எறங்கி வீடு வந்து சேரும். அதுக்கப்புறம்தான் சொந்தக்காரங்க பிடி மண்ணு போடலாம். சுரம் எறங்காம மண்ணு போட்டா, ஆளு கூண்டுல போயிட்டிருக்கிறப்பவே மேல குழி வாயை மூடின பாவம். அந்தப் பாவத்துக்கு எங்க ஊர்ல எவனும் துணிய மாட்டான்.

இப்படிப்பட்ட கிட்டார் ஊர்ல ரெண்டு இருந்துச்சு, அதனால சண்டையும் இருந்துச்சு. ஒண்ணு பர்னபாஸ் அண்ணனோடது. ஆஸ்திரேலியாவுல இருக்கிற அவரு மச்சான் கப்பல்ல அனுப்பினது, கம்பெனியில செஞ்சது, சைக்கிள் ஸ்போக்ஸ் மாதிரி மெல்லிசா பளபளன்னு தடிங்க, மிதிச்சா வெண்ணெயில கத்தி போற மாதிரி போகும், சுரம் கழுவி வெச்ச கண்ணாடி டம்ளராட்டம் சுத்தமா வரும். இன்னொண்ணு எப்பிராயீம் மாமாவே செஞ்சது. ஷெட்டுல கிடந்த தேக்குப் பலகையில உடம்பு, பாறை துளைக்கிற இரும்புல காலு, சைக்கிள் பிரேக்குல முட்டி லிவரு, கையில பிடிக்கிற உருண்ட இரும்புகூட துளைத் தடிய அறுத்துக் கடைஞ்சதுதான். மிதிக்க பலம் வேணும். சத்தம் கெட்டிக் கூழு. மெதுவா வரும், வந்தா நெஞ்சுல அப்பிக்கிட்டு லேசுல போகாது. அதுல ஒரு குறையும் உண்டு. பெடலை மிதிச்சு ஒரு கம்பிய மேல ஏத்தினா, பக்கத்துக் கம்பி இருந்த எடத்துலயே நிக்கணும் இல்லையா, நிக்காது. கம்பி இழுக்கிற இழுப்புக்குத் தேக்கு வளையும், பக்கத்துக் கம்பி ஒரு நூல் தாழும்.

எது ஒசத்தின்னு ஊரே ரெண்டாப் பிரிஞ்சு கெடந்துச்சு. சர்ச் வாசல்ல, ரேஷன் வரிசையில, ரயில் பெட்டியில எங்க பாத்தாலும் இதே பேச்சு. "கண்ணாடி வேணுமா கூழு வேணுமா"ன்னு கேட்டுத்தான் பொண்ணு மாப்பிள்ளைகூட பாத்தோம். நான் கூழுக் கட்சி. கண்ணாடியத் தின்ன முடியாது பாருங்க.

நத்தானியேல் பொறந்ததே கூழுலதான். ஆனா வளர வளர பர்னபாஸ் அண்ணன் வீட்டுக்குப் போயி கண்ணாடியத் தொட ஆரம்பிச்சான், பெங்களூர்ல ஒரு ஓட்டல் பேண்டுல சேந்தான், காது கூராச்சு. கிறிஸ்மஸ் ஆராதனை முடிஞ்சு எல்லாரும் வாசல்ல நின்னு கேக்கு தின்னுக்கிட்டிருந்தப்போ வழக்கம் போல கட்சிச் சண்டை வந்துச்சு, யாரோ அவனை வம்புக்கு இழுத்து "நீ சொல்லுடா, எதுடா ஒசத்தி?"ன்னு கேட்டாங்க. அவனும் சின்னப் பையன் தானே, சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டான்.

"அப்பாவோடது மிதிச்சா தாழுது. மரம் வளையுது. அதைக் கேட்டுக் கேட்டு ஊரே தாழ்ந்து பாடிக்கிட்டு இருக்கீங்க, பெங்களூர்ல என்னைக் கிண்டல் பண்றாங்க."

எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சோம். மாமா மட்டும் கையில இருந்த கேக்கைத் தட்டுல வெச்சுட்டு வீட்டுக்கு நடந்தாரு. அன்னையில இருந்து அப்பனும் புள்ளையும் பேசல. ஒரே வீடு, ஒரே சோத்துப் பானை, நடுவுல தெபொராள் அக்கா "அப்பா சாப்பிட்டாரான்னு கேளு", "தம்பி வந்துட்டானான்னு கேளு"ன்னு ரெண்டு பேருக்கும் தபால்காரியா அல்லாடிக்கிட்டு கெடந்தாங்க. அப்புறம் ஒரு நாள் ரயிலு.

அடக்கத்துக்கு பர்னபாஸ் அண்ணன்தான் வாசிக்கிறதா இருந்துச்சு. மாமா கேக்கல. "என் புள்ளைய நான்தான் இறக்குவேன்"னாரு. கல்லறைத் தோட்டத்துல குழிக்குப் பக்கத்துல கிட்டாரை வெச்சு, கார் பேட்டரியில ஆம்ப்ளிஃபயரை மாட்டி உக்காந்தாரு. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாரு. கயித்துல பெட்டி எறங்க ஆரம்பிச்சுச்சு, பெடலை மிதிச்சாரு, ரெண்டு கம்பிய ஒரு சுண்டு சுண்டினாரு. ஒண்ணு ஏறுச்சு, ஒண்ணு ஒரு நூல் தாழ்ந்துச்சு. பெட்டி தரையைத் தொட்டுச்சு. காலு எடுக்கல.

"எப்பி, எறங்கிடுச்சு" அப்படின்னாரு பர்னபாஸ் அண்ணன்.

"இல்ல. இன்னும் எறங்கிட்டிருக்கான்."

என்னதான் நல்ல கிட்டாரா இருந்தாலும் சுண்டின சுரம் கொஞ்ச நேரத்துல தேஞ்சு போயிடும். இது தேயல. கூட்டம் நின்னுச்சு, வெயில் சாஞ்சுச்சு, பேட்டரி செத்துச்சு, ஆம்ப்ளிஃபயர் வெளக்கு அணைஞ்சுச்சு, சுரம் நின்ன எடத்துலயே நின்னுச்சு. ரெண்டு பேரு போயி காலைப் பிடிச்சுத் தூக்கினாங்க, பாறையில முளைச்ச வேரு மாதிரி அசையல. பாஸ்டரு ஜெபம் பண்ணிட்டு "மண்ணைப் போடுங்கப்பா"ன்னாரு, ஒருத்தரும் குனியல. அவரு வெளியூர்க்காரரு, அவருக்கு என்ன தெரியும். கோயில் மணியக்கூட அடிச்சுப் பாத்தோம், அதுக்கும் காலு அசையல. சரி, நாளைக்கு எறங்கும்னு குழி மேல ஒரு தகரத்தைப் போட்டு மூடிட்டு, மாமா தலைக்கு மேல ஒரு தார்ப்பாய் கட்டிட்டு வந்தோம்.

நாளைக்கு எறங்கல, மறுநாளும் எறங்கல, வாரமும் போச்சு. மனுஷன் எதுக்குத்தான் பழக மாட்டான், சொல்லுங்க. கல்லறைத் தோட்டத்துல ஒருத்தரு பெடல் மேல காலை வெச்சு உக்காந்திருக்காரு, ஒரு சுரம் நிக்காம ஊரு மேல தொங்கிக்கிட்டு இருக்கு, அவ்ளோதானேன்னு நாங்க எங்க வேலையப் பாக்க ஆரம்பிச்சோம். தெபொராள் அக்கா மூணு வேளையும் சோறு கொண்டு போயி ஊட்டிவிட்டாங்க. ஒதுங்குறதுக்கு என்ன பண்ணாருன்னு கேக்கிற ஆளு நீங்கன்னா, பக்கெட்டு இருந்துச்சு, அக்காவோட தம்பி எடுத்து ஊத்தினான், போதுமா. காய்கறிக்காரி அந்தச் சுரத்துலயே கீரை கூவினா. சர்ச்சுல கீபோர்டை அதுக்கு எறக்கி வெச்சோம், இல்லன்னா பாட்டும் அதுவும் ஒண்ணை ஒண்ணு கடிச்சுச்சு. கைப்புள்ளைங்க அதுலயே அழுதுச்சுங்க, கல்யாண வீட்டு மேளக்காரங்க அதுக்கே நாதஸ்வரத்தைத் தேடி மாத்திக்கிட்டு வந்தாங்க. ரயில்ல நாங்க பேசுற பேச்சே ஒரு நூல் தாழ்ந்து போயி, தையல் கம்பெனி சூப்பர்வைசரு "உங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கு என்ன ஆச்சு, எல்லாம் எழவு வீட்டுல இருந்து வந்த மாதிரியே பேசுறீங்க"ன்னாரு. எழவு வீட்டுல இருந்துதான்யா வர்றோம்னு நான் சொன்னேன்.

வேலைக்குப் போறவங்களும் வர்றவங்களும் கல்லறைத் தோட்டத்து வேலியோரம் ஒரு நிமிஷம் நின்னு கேட்டுட்டுப் போறது பழக்கமாச்சு. "இப்போ எத்தனாவது லெவல் தாண்டியிருப்பான்?"னு பழைய சுரங்கக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குவாங்க. "அந்தப் பக்கம் சூடு ஜாஸ்தியா இருக்குமே, தண்ணி கொண்டு போயிருக்கானா?" விளையாட்டுக்குக் கேக்கல, நெஜமாவே கேட்டாங்க.

அக்கா மட்டும் பழகல. நடுவுல பக்கத்து லைன் வீட்டுல ஒரு வயசான அம்மா செத்துப் போனாங்க. நத்தானியேல் குழிக்கு அடுத்த குழி. பர்னபாஸ் அண்ணன் கண்ணாடிக் கிட்டாரை வெச்சு வாசிச்சாரு, பெட்டி தொட்டுச்சு, காலை எடுத்தாரு, சுரம் சுத்தமா எறங்குச்சு, மண்ணு விழுந்துச்சு, மேடு கட்டி பூ வெச்சுட்டுப் போனாங்க. அக்கா தகரத்துக்குப் பக்கத்துல நின்னு அதைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் எங்கிட்ட வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க.

"அவங்களுக்கு மண்ணு கெடைச்சுது பாத்தியா. எம் புள்ளைக்குத் தகரம். மழை வர்றதுக்குள்ள அவனை மூடணும்டீ. குழியில தண்ணி நின்னா பெட்டி மெதக்கும். மெதக்க விட்டுடாதீங்க என் புள்ளைய."

மேகம் அப்பவே தெக்கால கூட ஆரம்பிச்சிருந்துச்சு. நாங்களும் கூடிப் பேசினோம். இங்கதான் நாங்க தப்புப் பண்ணோம், எங்க ஊர்க்காரங்க மட்டுமே பண்ணக்கூடிய தப்பு. அத்தனை வருஷமா கிட்டார்ச் சண்டை போட்டே வளந்தவங்க பாருங்க, கோளாறு கிட்டார்லதான்னு முடிவு பண்ணிட்டோம். இன்னொரு கிட்டார் அதே சுரத்தைப் பிடிச்சு, கூடவே நின்னு, கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வர்ற மாதிரி கீழ இறக்கிட்டா இதுவும் எறங்கிடும்னு எவனோ சொன்னான், எல்லாரும் தலையாட்டினோம்.

முதல்ல கண்ணாடி வந்துச்சு. குழிக்கு அந்தப் பக்கம் உக்காந்து பர்னபாஸ் அண்ணன் மிதிச்சாரு. அவரு சுரம் நேரா, இது ஒரு நூல் தாழ்ந்து, ரெண்டும் ஒண்ணு சேராம நடுவுல "வவ்... வவ்... வவ்"னு ஒரு அலை எழும்புச்சு, கேக்கிறவங்களுக்குக் குமட்டுச்சு. அவரு காலை எடுத்தாரு, அவரு சுரம் எறங்குச்சு. இது எறங்கல. அடுத்தது பெங்களூர் ஸ்டுடியோவுல இருந்து ஒருத்தரு கொண்டு வந்தாரு, பழசு, அதுல தடி இல்ல, பிரேக் ஒயர் மாதிரி கேபிளு, மிதிச்சா ஒயர் நீண்டு ஒரு நொடி கழிச்சுத்தான் சுரம் ஏறும், ஏறினதும் நடுங்கும். எங்க ஆளுங்க காதைச் சாச்சு, பிரியாணிக்கு உப்பு பாக்கிற மாதிரி சப்புக் கொட்டி, "சத்தம் வெல்லம், ஆனா மிதிக்கு நம்பகம் இல்ல"ன்னு தீர்ப்பு சொன்னாங்க. அப்புறம் நத்தானியேல் வேலை பாத்த பேண்டுல இருந்து ரெட்டைக் கழுத்து கிட்டார் ஒண்ணு வேன்ல வந்துச்சு, ரெண்டு வரிசைக் கம்பி, பெடலுங்க ஹார்மோனியக் கட்டைங்க மாதிரி வரிசையா. "அப்பாடா, என்னா கனம், என்னா ஆழம், இதுக்குக் கட்டுப்படும்"னாங்க. கட்டுப்படல. கட்சி கட்டி, கை தட்டி, திருவிழா மாதிரி நாங்க ஒவ்வொண்ணையும் எடை போட்டுக்கிட்டு இருந்தோம், தகரத்துக்குப் பக்கத்துல தெபொராள் அக்கா வானத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

கடைசியில பர்னபாஸ் அண்ணனுக்குத்தான் புத்தி வந்துச்சு. டார்ச்சை எடுத்துக்கிட்டு மாமா கிட்டாருக்கு அடியில மல்லாந்து நுழைஞ்சாரு. ஒவ்வொரு தடியா தொட்டுப் பாத்துக்கிட்டே வந்தாரு.

"எப்பி, இது என்ன புதுத் தடி? பித்தளை? இந்தப் பெடல்ல இருந்து பக்கத்துக் கம்பிக்குப் போகுது."

மாமா கண்ணைத் திறக்கல. "தாழுற கம்பிய ஒரு நூல் தூக்கிப் பிடிக்கிறதுக்கு."

"எப்போ போட்ட?"

"அவன் சொன்ன மறுநாள்."

"நட்டு முடுக்கலையேப்பா. சும்மா தொங்குது."

"அவன் முன்னாடி முடுக்கலாம்னு இருந்தேன். அவன் வந்து நின்னு, கேட்டுட்டு, இப்போ சரியா இருக்குப்பான்னு சொல்லட்டும்னு. பேசாம இருக்கிறவன் எப்படியும் ஒரு நாள் பேசுவான்ல."

பர்னபாஸ் அண்ணன் மல்லாந்தபடியே அழுதாரு. டார்ச்சு வெளிச்சம் தார்ப்பாய்ல ஆடுச்சு. அழுதுக்கிட்டே நட்டை முடுக்கினாரு. முடுக்க முடுக்க அந்தத் தாழ்ந்த கம்பி, ஊரே பழகிப் போன அந்தக் கம்பி, ஒரு நூல் மேல ஏறி நேரா நின்னுச்சு. எழுந்து போயி தன்னோடதையும் மிதிச்சாரு. அலை இல்ல. ரெண்டு கிட்டாரும் ஒரே தொண்டையா நின்னுச்சு. கூழும் கண்ணாடியும் ஒண்ணானதை நான் அன்னைக்குத்தான் கேட்டேன். "இப்போ சரியா இருக்குப்பா"ன்னு யாரும் சொல்லல, சொல்ல வேண்டியவன் தகரத்துக்கு அடியில இருந்தான். பர்னபாஸ் அண்ணன் மெதுவா காலை எடுத்தாரு, அவரு சுரம் எறங்குச்சு. மாமா சுரம் அங்கேயே நின்னுச்சு.

அவ்ளோதான். அந்த நேரம் பாத்து முதல் தூறல் தகரத்து மேல டொக்கு டொக்குன்னு விழுந்துச்சு.

தெபொராள் அக்கா எழுந்தாங்க. நேரா மாமா முன்னாடி போயி நின்னாங்க.

"ஏங்க, எதுக்குக் காலை எடுக்க மாட்டேங்கறீங்க?"

"மணி வரலையே தெபொரா."

"நாங்க எல்லாரும் எறங்கிடுச்சுன்னு கத்தினோமே. கோயில் மணிகூட அடிச்சோமே."

"அது மேல் மணி" அப்படின்னாரு மாமா, பச்சப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி. "கீழ இருந்து வரணும்ல. வராம எப்படி எடுக்கிறது? அவன் உள்ள இருக்கான். நடுவுல தொங்க விட்டுட்டா?"

அக்கா அவரையே பாத்தாங்க. அப்புறம் நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க. "பாவி நான். பெல்காரரு மக நான். இத்தனை நாளும் சோறு ஊட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

மாமாவோட எடது கையில இருந்த உருண்ட இரும்பை விரல் விரலாப் பிரிச்சு எடுத்தாங்க. சுரம் நிக்கல, அதை யாரும் எதிர்பாக்கவும் இல்ல. தகரத்தை இழுத்துத் தள்ளினாங்க. "ஐயோ அக்கா!"ன்னு நான் ஓடினேன், அதுக்குள்ள சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு குழி ஓரத்துல உக்காந்து உள்ள எறங்கிட்டாங்க. மழை வலுத்துச்சு. செவுரெல்லாம் சேறு வழிஞ்சுச்சு. பெட்டிக்கும் செவுத்துக்கும் நடுவுல கால் வெக்க எடம் இல்லாம ஒருக்களிச்சு நின்னாங்க. தண்ணி அப்பவே பெட்டிக்கு அடியில பரவ ஆரம்பிச்சிருந்துச்சு. பெட்டி மேல கையை வெச்சாங்க, தலைமாட்டைத் தடவினாங்க, குனிஞ்சு ஏதோ சொன்னாங்க, என்ன சொன்னாங்கன்னு எனக்குக் கேக்கல, கேக்கக் கூடாது. அப்புறம் இரும்பை ஓங்கி பெட்டி மூடி மேல ஒரே ஒரு தட்டு தட்டினாங்க.

டங்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். கீழ இருந்து வந்துச்சு.

மாமா காலு மேல வந்துச்சு. யாரும் தூக்கல, அவரு தூக்கினாருன்னுகூட சொல்ல மாட்டேன், வருஷக்கணக்கா அந்தச் சத்தத்துக்கு எழுந்த காலு, அதுவா எழுந்துச்சு. சுரம் வழுக்கி எறங்கி, சரியான எடத்துல வந்து உக்காந்து, தேஞ்சு, போச்சு. எங்க ஊரு மேல மறுபடியும் ஒண்ணும் இல்லாம ஆச்சு. மழைச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. காது வலிச்சுச்சு எங்களுக்கு. எத்தனையோ பேரு அப்போதான், பையன் செத்த அன்னைக்கு அழாத அழுகைய அழுதாங்க.

அடக்கத்துக்குப் பிறகு முதல் தடவையா மாமா கண்ணைத் திறந்தாரு. மரத்துப் போன காலை இழுத்துக்கிட்டு, மண்டி போட்டு, குழி ஓரத்துல வந்து எட்டிப் பாத்தாரு. கூண்டு போய்ச் சேர்ற எடத்தை அந்த மனுஷன் ஜென்மத்துல பாத்தது இல்ல.

"எறங்கிட்டானா?"ன்னாரு.

"எறங்கிட்டான்" அப்படின்னாங்க அக்கா, மழையில அண்ணாந்து பாத்து, சேத்துக் கையை மேல நீட்டி. "இப்போ என்னைத் தூக்குங்க."